பச்சை ஃபால்கன் பருந்து அல்ல

போன வாரம் ஒரு திரையிடலுக்காக, அர்ஜென்டினப் படம் ஒன்றின் தமிழ் சப்டைட்டிலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு தாய் பேசுகிறாள்: "பச்சைப் பருந்து வந்து என் மகனைத் தூக்கிக்கொண்டு போனது." கோப்பை அப்படியே மூடிவிட்டு எழுந்துவிட்டேன். இதே பிழையை நான் திருத்துவது இது மூன்றாவது தடவை.

அவள் சொன்னது ஃபோர்டு ஃபால்கன் காரை. 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து 1983 கடைசிவரை, நம்பர் பிளேட் இல்லாத பச்சை ஃபால்கன் தெருவில் மெதுவாக வந்தால் சன்னல்கள் சாத்தப்பட்டன. சாதா உடையில், கையில் துப்பாக்கியோடு ஆட்கள் இறங்குவார்கள். பிடித்தவரின் தலையை மூடி, பின் சீட்டுக்கு அடியில் தரையோடு அழுத்திக் கொண்டுபோவார்கள். 'வெள்ளை வேன்' என்று ஈழத்தில் சொன்னால் யாராவது வேனின் நிறத்தைப் பற்றியா பேசுவார்கள்? அங்கே ஃபால்கன் அதுதான்.

அடுத்து, ஒவ்வொரு திரையிடலுக்குப் பிறகும் கேட்கிற பேச்சு: "பாவம், ஏழை நாடு, இன்னும் பழைய கார்தான் ஓடுது, கியூபா மாதிரி." கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதை 1977இல் நடக்கிறது. 1977இல் அது பழைய கார் இல்லை, அந்த ஊரிலேயே தயாரான புதுக் கார். கியூபா தென் அமெரிக்காவிலேயே இல்லை. அங்கே புரட்சிக்குப் பின் அமெரிக்கக் கார்கள் வருவது நின்றதால் ஐம்பதுகளின் வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அர்ஜென்டினா கதை நேர் எதிர். இறக்குமதிக்கு வேலி போட்டு, உள்ளூரிலேயே தொழிற்சாலை வைக்கச் செய்தார்கள். புவெனஸ் அயர்ஸ் அருகே பச்சேக்கோ ஆலையில், பெரிய மாற்றமில்லாமல், 1991 வரை ஃபால்கன் வந்துகொண்டே இருந்தது. நம் அம்பாசடர் நீடித்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

அந்த ஆலைத் தொழிலாளர்களும் தப்பவில்லை. அவர்களில் சிலரை ஆலை வளாகத்துக்குள்ளேயே அடைத்துவைத்து அடித்தார்கள். 24 தொழிலாளர்களுக்கு நேர்ந்த கொடுமைக்காக, ஆலையின் முன்னாள் அதிகாரிகள் இருவருக்கு 2018 டிசம்பரில்தான் தண்டனை கிடைத்தது.

சரி, எல்லா ஃபால்கனும் பயங்கரமா? இல்லை. அது குடும்பக் கார், டாக்ஸி, அப்பா ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்த கார். அந்தப் பெயரையே குடும்பப் பெயராக வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர்கூட ஓடியது. பழகிய முகம் திடீரென்று கத்தியோடு நிற்பதுபோல, அந்த நெருக்கம்தான் காட்சியின் வலி. பிரேசிலின் ராணுவ ஆட்சிக் காலத்துப் படமானால் ஃபுஸ்கா எனும் பீட்டில் காரைப் பார்த்துப் பதற வேண்டாம். போலீஸ் ஓட்டிய வெரானேயோ எனும் ஷெவர்லே வண்டி திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

சப்டைட்டில் எழுதும் தம்பி தங்கைகளுக்கு: கார் பெயரை மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கில வரியை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடிக்காதீர்கள், படத்தைப் பாருங்கள். 'உறிஞ்சப்பட்டான்' என்று நேராக வந்தால் நிறுத்துங்கள். கடத்தப்பட்டவனை அப்படித்தான் சொன்னார்கள். 'விடுவிக்கப்பட்ட பகுதி' என்றால் போராளிகள் மீட்ட இடம் என்று எழுதிவிடாதீர்கள். கடத்தல் நடக்கட்டும் என்று உள்ளூர்ப் போலீஸ் விலகிக்கொண்ட தெரு அது. திரையிடல் நடத்துபவர்களே, படத்துக்கு முன் இரண்டு நிமிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கைகூப்பிக் கேட்கிறேன். முன்பு ஒரு திரையிடலில் கார் வரும்போது அரங்கில் "அட, என்ன அழகான வண்டி" என்று குரல் எழுந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை.

அந்தத் தாயின் வரியை இப்படி மாற்றி அனுப்பினேன்: "பச்சை ஃபால்கனில் வந்தார்கள். என் மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்." கார் தூக்கவில்லை, ஆட்கள் தூக்கினார்கள்; அவள் பேசிய ஸ்பானிய வரியிலும் வினை பன்மையில்தான் இருக்கிறது.