உராய்வா, பிடிப்பா?

தருமபுரியில் யாரும் 'பிரேசஸ்' என்று சொல்வதில்லை. 'பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு', இல்லையென்றால் 'கிளிப்'. கம்பி போட்ட மகளை மாதாந்திர சோதனைக்குக் கூட்டிப்போனபோது மருத்துவர் சொன்னார்: "ஃப்ரிக்‌ஷன் அதிகமா இருக்குங்க, அதான் பல்லு மெதுவா நகருது." இதைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது?

ஃப்ரிக்‌ஷனுக்கு வேர், தேய்த்தல் என்று பொருள்படும் 'ஃப்ரிகாரே' என்ற லத்தீன் வினை. பாடப்புத்தகத் தமிழில் உராய்வு. உராய், உரசு, உரைகல்லில் வரும் உரை, உரிஞ்சு எல்லாம் ஒரே குடும்பம்தான். 'ஞ்' என்ற மெய்யில் முடியும் சொல்லுக்குப் பழைய இலக்கண உரைகள் காட்டும் உதாரணமும் இந்த 'உரிஞ்'தான். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்டுவைத்த கல்லுக்கு ஆவுரிஞ்சு கல் என்று பெயர். அதை நடுவதை 32 அறங்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஆலம்பாடி மாடு கண்ணை மூடிக்கொண்டு கல்லில் கழுத்தைத் தேய்ப்பதைப் பார்த்தவருக்கு உராய்வை விளக்க வேண்டியதில்லை.

சரி, வாய்க்குள் வருவோம். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சின்னத் துண்டுதான் பிராக்கெட். அதன் குறுக்கே ஒரு பள்ளம், 0.018 அல்லது 0.022 அங்குலம். (நம் பக்கத்துத் தண்ணீரின் ஃபுளோரைடால் பழுப்பேறிய பல்லில் அந்தப் பிராக்கெட் ஒட்டி நிற்பதே பாடு, அது தனிக்கதை.) பள்ளத்தில் கம்பி, மேலே இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம். பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மூட, கம்பியின் மேல் பிராக்கெட் வழுக்கிப் போக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் பொதுவாக உராய்வு குறைவு, பீட்டா டைட்டானியம் என்ற உலோகக் கலவைக் கம்பியில் அதிகம். மகள் ஆசைப்பட்ட பல்நிற செராமிக் பிராக்கெட்டிலும் உலோகத்தைவிட அதிகம்.

ஆனால் பல் நெட்டாக நகர்வதில்லை, சாய்ந்து சாய்ந்துதான் போகும். சாய்ந்ததும் பள்ளத்தின் எதிரெதிர் மூலைகள் கம்பியைக் கவ்வும். மருத்துவர்கள் இதை 'பைண்டிங்' என்கிறார்கள். இதையும் உராய்வு என்றே எழுதிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. மேசை டிராயரைக் கோணலாக இழுத்துப் பாருங்கள். எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சிக்கும். கீல் தளர்ந்து சாய்ந்த கதவை 'பிடிக்குது' என்போமே, அதுதான். எனவே பைண்டிங்குக்குப் 'பிடிப்பு' போதும். அது முற்றினால் கம்பியிலேயே வடு விழுந்து பிராக்கெட் அங்கே நின்றுவிடும்.

அன்று கழற்றிய பழைய கம்பியைக் கேட்டு வாங்கி நகத்தால் தடவினேன். வழுவழுவென்று போன நகம் ஓரிடத்தில் நின்றது.