அக்கா கனடா குடியுரிமை வாங்கிவிட்டார், தம்பிக்கு அரசு வேலை கிடைக்குமா?

மத்திய அரசு வேலைக்குத் தேர்வான எங்கள் அண்ணாநகர் தெருப் பையன், வேலையில் சேருமுன் தன்னையும் குடும்பத்தையும் பற்றிய விவரங்களை நிரப்பித் தர வேண்டிய அட்டஸ்டேஷன் ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் அக்கா டொரண்டோவில் இருக்கிறார், கனடா குடியுரிமையும் வாங்கிவிட்டார். "அண்ணா, இதை எழுதினா வேலை போயிடுமா? எழுதாம விட்டுடலாமா?" என்றான். அவனுடைய இரண்டாவது கேள்விதான் எனக்குப் பயம் தந்தது.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அரசு வேலைக்குப் பார்க்கப்படுவது உங்கள் குடியுரிமை, அக்காவுடையது அல்ல. வம்சாவளி, பிறந்த இடம் போன்றவற்றை மட்டும் காரணம் காட்டி ஒரு குடிமகனை அரசு வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி) மூன்றுக்கும் கண்டிப்பாக இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மற்ற சில பணிகளுக்கு நேபாள, பூடான் நாட்டவரும், நிரந்தரமாகக் குடியேற பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மத்திய அரசு தரும் தகுதிச் சான்று கைக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குப் பணி ஆணை. வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓ.சி.ஐ. கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவருக்குப் பொதுவாக அரசுப் பதவி கிடையாது.

சென்னையில் நிறைய வீடுகளில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா யாழ்ப்பாணம், அப்பா மயிலாப்பூர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை இங்கேதான் பிறந்தது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிறது. அது மட்டும் போதாது, பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்திருந்தால், அநேகமாக எல்லோரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் பிள்ளை பிறந்த நேரத்தில் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. இப்போது தேர்வு எழுதும் வயதுக்கு வருவது இந்தப் பிள்ளைகள்தான். அம்மா அப்போது எந்த ஆவணத்தில் தங்கியிருந்தார் என்பதை இன்றே தேடி எடுத்து வையுங்கள். பணி ஆணை வரும் நேரத்தில் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

சரி, ஃபார்முக்கு வருவோம். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒவ்வொருவரின் பெயர், குடியுரிமை, பிறந்த ஊர், தொழில், முகவரி எல்லாம் கேட்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தாலோ வசித்தாலோ அதற்குத் தனி இடம். போலீஸ் விசாரணை நடப்பது இதை வைத்துத்தான். உளவுத்துறை போன்ற இடங்களில் இன்னும் ஆழமாகத் துருவுவார்கள். பொய் எழுதினாலோ மறைத்தாலோ தகுதியிழப்பு என்று ஃபார்மின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அக்காவின் குடியுரிமை பறிக்காத வேலையை, அதை மறைத்த குற்றம் பறித்துவிடலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு வெளிநாட்டவரைத் திருமணம் செய்தாலும் இதே கதைதான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இல் 21ஆவது விதிப்படி உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பையன் என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினான். அக்காவின் பெயருக்கு நேரே 'கனடா' என்று எழுதிவிட்டு, வீட்டு எண் நினைவில்லாமல் அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டான்.