செம்பனையின் தலையெழுத்து எங்கே இருக்கிறது?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம்மில் பலருக்கு அந்த ஊர் தெரியும். மகள் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு எடுக்க ஆசைப்படுகிறாள். ஜாதகம் பார்த்தவரோ இவளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டாராம். "எல்லாம் முன்னமே எழுதி வைத்ததுதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அறிவியல் இதை ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்கிறார்.

1814-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். இந்த நொடியில் உலகின் ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது, எந்த விசை அதை இழுக்கிறது என்று முழுக்கத் தெரிந்தால் எதிர்காலம் மொத்தத்தையும் கணக்குப் போட்டுவிடலாம் என்றார். குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு அந்த உறுதி ஆட்டம் கண்டது. ஒரு குறிப்பிட்ட கதிரியக்க அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாசகிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாமாயில் தரும் செம்பனை மரமே பதில் சொல்லும். மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில், 1917-இல், நட்ட தென்னமரம் தோட்டம் அவர் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

செம்பனைக் கொட்டையின் ஓடு விதையிலேயே முடிவாகிவிடும் விஷயம். தடித்த ஓடு உள்ளது டூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா கிடைக்கும். பள்ளியில் படித்த மெண்டல் கணக்குதான். ஓடு மெலிந்தால் சதை கூடும், எண்ணெயும் கூடும். இதற்குக் காரணமான ஒற்றை மரபணுவை 2013-இல் அடையாளம் கண்டார்கள். எவ்வளவு உரம் போட்டாலும் டூரா தெனெரா ஆகாது.

சரி, அப்படியானால் ஒரே மரபணு உள்ள மரங்கள் ஒரே மாதிரிதானே காய்க்க வேண்டும்? அந்த நம்பிக்கையில்தான் நன்றாகக் காய்க்கும் மரத்தின் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, அச்சு அசலான கன்றுகளை உண்டாக்கினார்கள். 1980-களில் அவை காய்த்தபோது பெரிய அதிர்ச்சி. சில மரங்களின் பழங்களைச் சுற்றி விரல் விரலாகக் கூடுதல் சதை முளைத்திருந்தது. ஆய்வாளர்கள் இதை மேன்டில்ட் என்கிறார்கள். பெண் பூவில் வளராமல் நின்றுவிட வேண்டிய ஆண் உறுப்புகள் சூலகம் போலப் பருத்துவிடுவதால் வருவது இது. பல பழங்கள் முற்றாமலே அழிந்தன, எண்ணெய் படுத்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், ஒரே மரத்தில் நல்ல பழமும் கெட்ட பழமும் சேர்ந்து வந்தன. சில மரங்கள் வருடங்கள் கழித்துத் தாமாகவே சரியாகவும் செய்தன. டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தால் இப்படி நடக்குமா?

2015-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினரும் சேர்ந்து விடை கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே வேறொரு துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. டிஎன்ஏவுக்குள் இடம் விட்டு இடம் தாவிய பழங்காலத் துண்டு அது, பெயர் கர்மா. ஆம், அறிவியல் இதழில் பதிவான பெயரே அதுதான். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சி. சாதாரண மரத்தில் கர்மாவின் சி எழுத்துகள் மேல் மெத்தில் ஒட்டியிருக்கும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவு சின்ன ஒட்டு. அது இருக்கும்வரை செல் கர்மாவைத் தாண்டி மரபணுச் செய்தியை முழுதாகப் படித்து முடிக்கிறது. திசு வளர்ப்பில் சில கன்றுகளில் அந்த ஒட்டு உதிர்ந்துவிடுகிறது. உடனே கர்மா, கோயில் மேடையில் பேசிக்கொண்டிருப்பவரின் மைக்கைப் பிடுங்குகிற ஆள் மாதிரி, நடுவில் புகுந்து செய்தியைப் பாதியில் வெட்டிவிடுகிறது. பூவின் உறுப்புகள் குழம்பிப் போகின்றன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. எழுத்தின் மேல் இருந்த ஒட்டுதான் போனது. அது திரும்ப ஒட்டினால் மரம் சரியாகிறது.

நட்டு மூன்று வருடம் கழித்துத் தெரியப்போகும் கேடு, கன்றிலேயே முடிவாகியிருக்கிறது. ஆனால் அது எங்கே முடிவானது என்று தெரிந்ததால், ஒரு துண்டு இலையைச் சோதித்துப் பார்த்துக் கெட்ட கன்றை நாற்றுமேடையிலேயே ஒதுக்கிவிட முடியும். சுமார் 25 வருடம் நிற்கப்போகும் மரமாயிற்றே. அறிவியல் பேசும் முன்முடிவு இப்படிப்பட்டது: எந்த மரபணு, எந்த இடம், எந்தக் கட்டம் என்று விலாசத்தோடு வரும். யாரும் சோதித்துப் பார்க்கலாம், தப்பென்றால் தூக்கிப் போடலாம். ஜாதகக் கட்டத்தில் அப்படி ஒரு விலாசமும் கிடையாது. செம்பனைக் கொட்டையின் ஓட்டுக்கு இருப்பது மாதிரி மனிதரின் படிப்புக்கு ஒற்றை மரபணுக் காரணமும் கிடையாது. மிகச் சிறிய பங்குள்ள எத்தனையோ மரபணுக்கள், அவற்றோடு சாப்பாடு, தூக்கம், வாத்தியார், வீட்டில் யாராவது உட்கார்ந்து படிக்க வைப்பது எல்லாம் சேர்ந்த விஷயம் அது. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை நாம் படிப்பிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறோம்! அம்மா, மகளை அறிவியல் பிரிவிலேயே சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழம் கெட்டதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையில் சுமார் முப்பது வருடம். அடுத்த வருடமே லாபம் காட்டச் சொல்லும் யாரும் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் தர மாட்டார்கள். வாரியத்தின் ஆய்வுக்கு முக்கியமாகப் பணம் வருவது செம்பனை எண்ணெய் மேல் வசூலிக்கும் தீர்வையிலிருந்து. அதாவது குலை வெட்டிய, உதிர்ந்த பழம் பொறுக்கிய நம் தோட்டத்து மக்களின் உழைப்பும் அந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது. அந்தத் தீர்வையில் ஒரு பங்கு தோட்டப்புறப் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்களுக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து.