பீடியை விட்டால் மருந்து கூடும்

மனநல வார்டுக்குள் பீடி, சிகரெட்டுக்கு அனுமதி இல்லை. தினம் ஒரு கட்டு பீடி இழுத்துப் பழகிய ஒருவர் அங்கே சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் போட்ட அதே மாத்திரை, அதே அளவு, அதே நேரம். நர்ஸ் கையில் கொடுத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஆள் தூங்கி வழிகிறார். தலையணை எச்சிலில் நனைந்து கிடக்கிறது. எழுந்து நின்றால் தள்ளாடுகிறார். ஒரு மில்லிகிராம்கூட யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ரத்தத்தில் மருந்து கூடியிருக்கிறது. கூட்டியது, அவர் குடிக்காமல் விட்ட பீடி.

அந்த மருந்தின் பெயர் குளோசபின். மனச்சிதைவு நோய்க்கு இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் போதுமான நாள் கொடுத்துப் பார்த்தும் குணம் தெரியவில்லை என்றால் மனநல மருத்துவர்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

குளோசபினை உடைத்து வெளியேற்றுவதில் பெரும்பங்கு கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதிக்கு. புகையிலை எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உடம்புக்குள் போனால், கல்லீரல் இந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. வேலைக்கு ஆள் கூடிவிட்ட மாதிரி. மருந்து வேகமாகக் கழிகிறது. பலன் கிடைக்கும்வரை டாக்டரும் அளவைக் கூட்டியிருப்பார். புகை நின்றதும் கூடுதல் ஆட்கள் ஒரு வாரத்துக்குள் கலைந்துவிடுகிறார்கள். மாத்திரை மட்டும் பழைய கணக்கிலேயே வந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகலாம். அளவு ஏற ஏற வலிப்பு வரும் அபாயமும் ஏறும்.

இதில் நிகோடினுக்குப் பங்கே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிகோடின் சூயிங்கம் மென்றாலும், தோலில் நிகோடின் பட்டை ஒட்டினாலும் நொதி ஏறாது. வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும் கணக்கு மாறாது. புகைதான் விஷயம். அதற்காகப் பீடியை விடாமல் இருக்கச் சொல்லவில்லை. விடப்போகும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மாத்திரையை எவ்வளவு, எப்போது குறைப்பது என்பது அவர் வேலை. காப்பிக்கும் இதே நொதிதான். ஆனால் அது எதிர்த்திசையில் இழுக்கும்: காப்பியைச் சட்டென்று கூட்டினால் மருந்து கழிவது மந்தமாகும்.

இவ்வளவு தொல்லை பிடித்த மருந்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? 1952-இல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய குளோர்ப்ரோமசின்தான் இந்த வகை மருந்துகளுக்கு முன்னோடி. அதன் வழியில் வந்த மருந்துகள், மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைத்துக்கொண்டு வேலை செய்தன. 100 ஏற்பிகளில் 80-க்கு மேல் அடைபட்டால் கை நடுங்கும், உடல் விறைக்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். நடுக்கம் வந்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். 1958-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான குளோசபின் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. டி2 ஏற்பியில் அது இறுக்கமாக ஒட்டுவதில்லை, தொட்டுவிட்டுச் சீக்கிரமே விலகிவிடும். நடுக்கம் அபூர்வம்.

ஆனால் 1975-இல் பின்லாந்தில் குளோசபின் எடுத்தவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அவர்கள் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. பல நாடுகள் மருந்தைத் திரும்பப் பெற்றன, அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தின. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. 1988-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. எந்த மருந்துக்கும் அசையாத நோயாளிகளில் ஆறு வாரத்தில் 30 சதவீதம் பேர் குளோசபினில் தேறினார்கள்; குளோர்ப்ரோமசினில் தேறியவர்கள் 4 சதவீதம்தான். அடுத்த ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: ரத்தம் பார்க்காமல் மாத்திரை கிடையாது.

அணுக்கள் அப்படி அடியோடு சரிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான். பெரும்பாலும் முதல் 18 வாரங்களில் நடக்கும். அதனால்தான் தொடக்கத்தில் வாராவாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு கழிந்ததும் மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பதிந்தால்தான் மாத்திரை என்றிருந்த கட்டாயப் பதிவு முறையை அமெரிக்க அரசு 2025-இல் நீக்கிவிட்டது. ஆனால் ரத்தம் பார்க்கச் சொல்லும் பரிந்துரையை நீக்கவில்லை.

இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். அங்கே காவல் காப்பது தெர்மாமீட்டர். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பில் கிருமித் தொற்று பலமாக இருக்கும்போது அதே சிஒய்பி1ஏ2 நொதியின் வேலை மந்தமாகிறது, அதனாலும் ரத்தத்தில் குளோசபின் ஏறும். போதாக்குறைக்கு, வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியை நேரடியாகவே தடுக்கும் மருந்து. ஆக, வேறு எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் குளோசபின் எடுப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சு வலியோ மூச்சு வாங்குவதோ படபடப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிதாக இதயத் தசையில் அழற்சி உண்டாகலாம்.

மாத்திரை தவறுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மருந்தை 12.5 மில்லிகிராமில் தொடங்கி, நாள்கணக்கில் படிப்படியாக ஏற்றுவார்கள். அது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. உடம்பு பழக அவகாசம் வேண்டும். அந்தப் பழக்கம் இரண்டே நாளில் விட்டுப்போகிறது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், திரும்பி வந்ததும் பழைய அளவை அப்படியே போட்டால் மயங்கி விழலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம். மருத்துவரைக் கூப்பிட்டு, திரும்ப 12.5-இலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தவறிய மாத்திரையைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டுவது கூடவே கூடாது. தானாகவே திடீரென்று நிறுத்திவிட்டாலும் குமட்டல், வியர்வையோடு நோயும் வேகமாகத் திரும்பும்.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. மலச்சிக்கல். என்னைக் கேட்டால், வெள்ளை அணுவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். குடலை அசைக்கும் அசிட்டைல்கோலின் சமிக்ஞையைக் குளோசபின் தடுக்கிறது. நியூசிலாந்தில் அளந்து பார்த்தார்கள். பெருங்குடலைக் கடக்க உணவுக்கு வழக்கத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் நேரம் பிடித்தது. இதில் மோசம் என்னவென்றால், பலருக்கு அது தெரிவதே இல்லை. கேட்டால் நன்றாகப் போகிறது என்பார்கள். கவனிக்காமல் விட்டால் குடல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்கான எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. வீட்டில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் தினமும் கேட்க வேண்டும். கேலண்டரில் குறித்து வைத்தாலும் தப்பில்லை. மலமிளக்கியைப் பல மருத்துவர்கள் முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுதுகிறார்கள். வயிறு உப்பி, வலியும் வாந்தியும் வந்தால் அதை வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

எடை கூடும், சுகர் ஏறலாம். இரண்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

சரி, நம் பீடிக்காரருக்கு வருவோம். வார்டில் அளவைக் குறைத்தார்கள், ஆள் தெளிந்தார். குறைத்த அளவையே சீட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருமுனைக் கடை அங்கேயேதான் இருக்கிறது. பீடி திரும்பியது, கல்லீரலில் நொதியும் திரும்பியது. இரண்டு மூன்று வாரத்தில் காதில் பழைய குரல்கள் கேட்கத் தொடங்கின. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று வீட்டில் அவரைத் திட்டுகிறார்கள். அவர் சத்தியம் செய்கிறார், அட்டையை எடுத்துக் காட்டுகிறார். இரவு மாத்திரை போட்டு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்து குளோசபின் அளவைப் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் பொய் சொல்வது போலத் தெரியும். பீடியைப் பற்றி யாராவது கேட்டிருக்க வேண்டும்.