பழைய இந்திப் பாட்டில் கை வைக்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

போன வருடம் அந்தேரியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு பாடலாசிரியர் வந்தார். வயது எழுபதை நெருங்கும். எம்டிவியும் சேனல் வியும் கொடிகட்டிப் பறந்த நாளில் இந்தி ஆல்பங்களுக்கு எழுதியவர். ஆட்டோவில் வரும்போது டிரைவரின் ஃபோனில் தன் பல்லவியைக் கேட்டிருக்கிறார். பல்லவி அவருடையது, சரணம் வேறு யாருடையதோ, நடுவில் ஒரு ராப். “வக்கீல் சாஹிப், இது என் பாட்டா இல்லையா?” என்றார்.

எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்: “பத்திரம் இருக்கா?”

அடுத்த வாரம் அது ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவருக்குள் வந்தது. 1997-இல் எழுதியது. இரண்டே பக்கம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மும்பையில் பதினெட்டு வருடமாகப் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கிறேன். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று என்று வந்த ரீமேக், ரீமிக்ஸ் விவகாரம் இப்போது வாரா வாரம் வருகிறது. வருபவர்களில் பாதிப் பேர் “என் பாட்டை எடுத்துவிட்டார்கள்” என்பார்கள். மீதிப் பேர் “அந்தப் பாட்டை எடுக்கலாமா?” என்பார்கள். இரு தரப்புக்கும் ஒரே பதில்தான். யார் படைத்தது என்பதை விட, யார் எதை யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதுதான் கணக்கு.

ரீமிக்ஸ் செய்யும் முறை ஏறக்குறைய ஒரே அச்சு. இந்திக்காரர்கள் பல்லவியை ‘முக்டா’ என்பார்கள், சரணத்தை ‘அந்தரா’ என்பார்கள். முக்டாவை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அந்தராவைத் தூக்கிவிட்டு வேறொருவரை எழுத வைப்பார்கள். தாளத்தை ஏற்றி நடுவே ராப் சேர்த்தால் தீர்ந்தது. கேட்பவருக்கு முதல் பத்து விநாடியிலேயே அடையாளம் தெரிந்துவிடும், புதிய மெட்டைப் பழக்கப்படுத்தும் செலவு மிச்சம். உரிமை ஏற்கெனவே லேபிளின், அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனத்தின், பீரோவில் இருக்கிறது என்றால் இன்னும் வசதி. ‘டெல்லி-6’ படத்தின் ‘மசக்கலி’யை 2020-இல் புதுப்பித்தபோது, குறுக்குவழி இல்லாமல், தூக்கமில்லாத இரவுகளில், 200-க்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்களோடு உருவான பாட்டு அது என்று ஏ.ஆர். ரஹ்மான் எழுதினார். மூலப் பாட்டைக் கேட்டு மகிழுங்கள் என்றார். மனவருத்தம் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மனவருத்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது.

பாடகி ஃபால்குனி பாடக் விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அவர் பாடி 1999-இல் வீடுதோறும் ஒலித்த ‘மைனே பாயல் ஹை’ பாட்டு, 2022-இல் ‘ஓ சஜ்னா’ என்று புது உருவில் வந்தது. ரசிகர்கள் கொந்தளித்து வழக்குப் போடச் சொன்னார்கள். போட ஆசைதான், ஆனால் உரிமை என்னிடம் இல்லையே என்றார் அவர். பாட்டு ஊருக்கே அவர் பெயரில்தான் தெரியும். சட்டத்துக்கு அந்தப் பெயர் போதவில்லை.

சினிமாப் பாட்டில் இந்த நிலைமைக்கு வேர் 1977-இல் இருக்கிறது. காசு கொடுத்துப் படத்துக்காகப் பாட்டுச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் இருவரும் சம்பளம் வாங்கியதோடு சரி. 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக விடாமல் போராடினார். திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் படைப்பாளிக்குச் சம பங்கு உண்டு, அதை வாரிசுக்கும் ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது என்று வந்தது. 2012 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. பங்குதான் கிடைத்தது, கவனியுங்கள். ரீமிக்ஸ் வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் இதில் வரவில்லை.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். செம்பூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் பாடி யூடியூபில் போட்டிருக்கிறாள், பதிப்புரிமைக் கிளெய்ம் விழுந்துவிட்டது. “அங்கிள், டிஸ்கிரிப்ஷன்ல எல்லார் பேரும் போட்டிருக்கேனே!” என்றாள். பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. அவள் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. கிளெய்ம் போட்டது பாட்டின் சொந்தக்காரரே இல்லை. அவள் இறக்கிக்கொண்ட கரோக்கி டிராக் ஒரு தனி ஒலிப்பதிவு, அதற்குத் தனி முதலாளி. ஒரு பாட்டு என்று நாம் சொல்வதில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று சொத்து இருக்கிறது. கரோக்கி சேர்ந்தால் நான்கு.

“ரொம்பப் பழசு சார், இலவசம்தானே?” என்பது அடுத்த கேள்வி. ‘ப்யாசா’வை எடுத்துக்கொள்வோம். 1957-இல் வந்தது. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் 60 ஆண்டு பாதுகாப்பு, அது 2017 கடைசியோடு முடிந்துவிட்டது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: எழுதியவர் இறந்து 60 ஆண்டு. மெட்டுப் போட்ட எஸ்.டி. பர்மன் 1975-இல் இறந்தார், ஆகவே 2035 வரை. வரி எழுதிய சாஹிர் லுதியான்வி 1980-இல் இறந்தார், ஆகவே 2040 வரை. அந்தப் பாட்டை இன்று நீங்கள் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் இந்த இரண்டு கதவையும் தட்டியாக வேண்டும்.

கவர், அதாவது பழைய பாட்டை வேறு குரலில் புதிதாகப் பதிவு செய்தது, வெளியிடச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. எண்பதுகளில் டி-சீரிஸ் கேசட்டுகளில் பழைய பாட்டுகளை வேறு குரலில் குவித்ததே அன்றைய சட்டம் விட்ட சந்தில்தான். 2012-க்குப் பின் அந்தச் சந்து குறுகிவிட்டது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். தொழில்நுட்பத்துக்கு அவசியமானதைத் தவிர வரியிலும் மெட்டிலும் கை வைக்கக் கூடாது. அந்தராவை மாற்றினீர்களா, இந்த வழி அடைத்துவிட்டது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் ஒரே பாதை.

படங்களில் பணம் பெரிது, ஆகவே சண்டையும் பெரிது. ‘ஷோலே’யை ராம் கோபால் வர்மா 2007-இல் ‘ஆக்’ என்று எடுத்ததற்கு, 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 1973-இன் ‘ஜஞ்சீர்’ 2013-இல் மறுபடி வந்தபோது, திரைக்கதை எங்களுடையது என்று சலீம்-ஜாவேத் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். அதே இருவர் எழுதிய ‘டான்’ தமிழில் ‘பில்லா’ ஆகி, இங்கே ஷாருக், அங்கே அஜித் என்று இரண்டு மொழியிலும் இரண்டாவது சுற்றும் ஓடியது. ஒரே கதைக்கு இத்தனை உருவம் என்றால், எந்த மொழிக்கு, எத்தனை முறைக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதாத ஒப்பந்தம் எவ்வளவு தலைவலி என்று யோசியுங்கள். தயாரிப்பாளரிடம் வாங்கிவிட்டேன், போதும் என்று நம்பி வருபவர்களிடம் கதாசிரியரின் தாளைக் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது.

இப்போது புதிதாக ஒன்று. 2013-இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவம் ‘அம்பிகாபதி’யை, 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இறந்த நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் கடுமையாக எதிர்த்தார்கள், படம் ஓடியது. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், குரல், முகம், முடிவு எதையும் இயந்திரத்தால் மாற்ற எழுத்துச் சம்மதம் தேவை என்று ஒரு வரி சேர்க்கிறேன். சிலர் அந்த வரியை அடித்துவிடச் சொல்வார்கள். அடிக்கச் சொல்கிறவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடப் போகும் இளைஞர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது காலத்தை. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான் என்கிறது சட்டம். இடம் எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். 1995 மே 10-க்கு முந்தைய பத்திரங்களுக்கு இது செல்லாது, அப்புறம் வந்தவற்றுக்குச் செல்லும். ‘நிரந்தரமாக, உலகம் முழுக்க’ என்று அச்சடித்துத் தந்தால், அந்த இரண்டு சொல்லுக்கும் தனியாக விலை பேசுங்கள். வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அதே இரண்டு சொல்தான் உயிர். அவை இல்லாத பழைய தாளை நம்பிப் படப்பிடிப்புக்குப் போய்விடாதீர்கள்.

அந்தப் பெரியவரின் இரண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ‘எல்லா உரிமைகளும்’ என்று இருந்தது. காலம் மட்டும் எங்குமே இல்லை. தட்டச்சு செய்தவர் மறந்திருக்க வேண்டும். 1997-க்கு ஐந்தைக் கூட்டினால் 2002. நோட்டீஸ் அனுப்பினோம். லேபிள் தரப்பு முதலில் சிரித்தது, பிறகு வேறு பத்திரம் தேடியது, நான்கு மாதம் கழித்துப் பேச வந்தது. பணமாக ஒரு தொகையும், ராயல்டி வசூலித்துப் பங்கிடும் ஐபிஆர்எஸ் சங்கத்தின் பதிவில் புதிய பாடலாசிரியருக்குப் பக்கத்தில் இவர் பங்கும், பாட்டின் கீழே பெயரும் என்று முடிந்தது.

போன மாதம் பெயர் ஏறியது. எழுத்துப்பிழையோடு. திருத்தச் சொல்லி இரண்டு மெயில் போட்டிருக்கிறேன்.