மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

இலங்கைப் போரில் தப்பிய ஒரு அம்மாவைப் பற்றி இந்த மாதமும் சக மருத்துவரிடமிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது: "மகள் மூலம் விசாரித்தோம். போரின் பாதிப்பு எதுவும் தெரியவில்லை." படித்ததும் கோபம்தான் வந்தது.

2009இல், போரின் கடைசிக் கட்டத்தில், இலங்கையின் வன்னியிலிருந்து உயிர் தப்பிய ஒரு தாய், அங்கே பட்டதையெல்லாம் பெற்ற மகளின் வாய்வழியாக மருத்துவரிடம் சொல்வாரா? அந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்றுதானே இத்தனை வருடம் வாயே திறக்கவில்லை! அம்மா கண் கலங்கினால் மகளுக்கும் தாங்காது. தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிடுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் கோப்பில் ஏறுவது "பாதிப்பு இல்லை". பாலியல் வன்முறை பற்றிய கேள்வியை எந்தப் பிள்ளை தாயிடம் கேட்கும்? கணவரை வைத்தாலும் மாமியாரை வைத்தாலும் இதே கதைதான். ஊர்க்காரரை வைத்தால் இன்னும் மோசம். அவர் எந்தப் பக்கம், யாரிடம் போய்ச் சொல்வார் என்ற பயம் போரோடு முடிந்துவிடவில்லை.

சிங்கப்பூர் அகதிகளைக் குடியமர்த்தும் நாடில்லை. போரில் தப்பிய இலங்கைத் தமிழர்கள் இங்கே மனைவியாக, ஊழியராக, பிள்ளையோடு இருக்க வந்த பெற்றோராகத்தான் வருகிறார்கள். நெஞ்செரிச்சல், கைகால் விறைப்பு என்று பலதுறை மருந்தகத்துக்கு நடையாய் நடப்பார்கள். தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்குப் போர் விமானங்கள் பறக்கும் சனிக்கிழமைகளில் சன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுவார் ஒரு அம்மா. சத்தம் பிடிக்காது போல என்று வீட்டில் நினைத்தார்கள். வன்னியில் குண்டு போட்ட 'கிபிர்' போர் விமானம் அவர்களுக்குத் தெரியாது.

சக மருத்துவர்களே, பிடிஎஸ்டி (கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய்) இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஎல்-5 கேள்வித்தாளின் 20 கேள்விகளையும் தமிழில் படித்துக் காட்டினால் வேலை முடிந்துவிடாது. 31 முதல் 33 என்ற மதிப்பெண் எல்லை அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்துக் கண்டது. அதற்குக் கீழே வந்தால் பிடிஎஸ்டி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். காணாமல் போன மகன் கனவில் வருவதையெல்லாம் நோயின் அறிகுறியாகக் குறிக்கவும் வேண்டாம். உடலும் கிடைக்காமல், செய்ய வேண்டியதைச் செய்யவும் மனம் வராமல் காத்திருப்பவரின் துயரம் அது. அதோடு பிடிஎஸ்டியும் சேர்ந்திருக்கலாம். பொறுமையாகக் கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர்க்காரர் வேண்டாம் என்று நோயாளியிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். நேரில் தயக்கமென்றால் பெயர் சொல்லாமல் தொலைபேசி வழியாகப் பேச வையுங்கள். சொன்னது வேலை அனுமதிக்கோ விசாவுக்கோ போகுமா என்ற கேள்விக்கு முதலிலேயே நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, அம்மாவை அழைத்து வாருங்கள், வெளியே காத்திருங்கள். சந்திப்புக்குப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.