கொழுப்பு மாத்திரைக்குப் பதில் பூண்டா? முதலில் கணக்கைப் போடுங்கள்

வெளிநோயாளர் பிரிவில் இந்த உரையாடல் நடக்காத வாரம் கிடையாது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 160 என்று இருக்கும். "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால், "அதை நிறுத்திட்டேன் டாக்டர், இப்ப இயற்கையாவே பாத்துக்கிறேன்" என்று பதில் வரும். அந்த இயற்கை பெரும்பாலும் மூன்று வகை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாவற்றையும் காய்ச்சித் தேன் கலந்த வாட்ஸ்அப் சாறு ஒன்று. மருதம்பட்டைக் கஷாயமோ வெந்தயமோ இன்னொன்று. மூன்றாவது, இணையத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கேப்சூல் டப்பா.

இதில் எது நல்லது, எது கெட்டது என்று தொடங்கினால் பேச்சு நம்பிக்கைச் சண்டையாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் எல்.டி.எல். எத்தனை சதவீதம் குறைய வேண்டும், நீங்கள் சாப்பிடும் பொருள் எத்தனை சதவீதம் குறைக்கும்?

இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல். 100க்குக் கீழேயும், சர்க்கரை நோய் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70க்குக் கீழேயும், மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் போன்றோருக்கு 55க்குக் கீழேயும் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 160 இருந்தால் 55க்கு வர 66 சதவீதம் இறங்க வேண்டும். ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. ஏறக்குறைய பாதியைக் குறைக்கும். 160 என்பது 80 ஆகும். அதோடு எசிடிமைப் என்ற வேறு வகை மாத்திரை 10 மி.கி. சேர்த்தால் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய் 64ல் நிற்கும். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். இரண்டு மருந்துகள் சேர்ந்தே திணறுகிற தூரம் இது.

இனி பூண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் நடத்தி 2022 இறுதியில் அறிவித்த ஓர் ஆய்வில், சுமார் 190 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மி.கி., ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, மற்றக் குழுக்களுக்குப் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆளுக்கொரு துணைப்பொருள் கொடுத்தார்கள். 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களின் எல்.டி.எல். ஏறத்தாழ 38 சதவீதம் இறங்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை வெல்லவில்லை. பூண்டு எடுத்த குழுவில் எல்.டி.எல். சற்று ஏறவும் செய்தது.

28 நாள் போதுமா என்று கேட்பது நியாயம்தான். பூண்டைப் பொறுத்தவரை அதற்குப் பதில் 2007லேயே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும், இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளும், வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்து மாதாமாதம் ரத்தம் பார்த்தார்கள். எந்தக் குழுவிலும் எல்.டி.எல். அசையவில்லை. ரசத்தில் பூண்டு தாராளமாகப் போடுங்கள்; ருசிக்காக.

குக்குலுவின் கதை இன்னும் மோசம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ந்து, கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகவே நம் நாட்டில் அனுமதி பெற்ற பிசின் அது. 2003ல் பென்சில்வேனியாவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, குக்குலு எடுத்தவர்களின் எல்.டி.எல். 4 முதல் 5 சதவீதம் ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது.

மீன் எண்ணெய் குறைப்பது ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை, எல்.டி.எல்.லை அல்ல. அதற்கும் தினம் 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 தேவை. கடையில் விற்கும் 1000 மி.கி. கேப்சூலில் பெரும்பாலும் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120, ஆக மொத்தம் 300 மி.கி.தான் இருக்கும். டப்பாவின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் 1000 என்பது எண்ணெயின் எடை. பின்பக்கத்தைப் படியுங்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி: மருந்துதான், அளவுதான் தெரியாது

துணைப்பொருட்களில் வேலை செய்யக்கூடிய ஒன்று உண்டு என்றால் அது இதுதான். அதனாலேயே அதிகம் கவலைப்பட வேண்டியதும் இதுதான். (நம் ஊர் சிவப்பரிசிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு.) அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் செய்வது இது. அந்தப் பூஞ்சை சுரக்கும் மொனாகொலின்-கே என்ற பொருளை 1979ல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பிரித்தெடுத்தார். 1987ல் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் முதல் ஸ்டாட்டின் மாத்திரையாகச் சந்தைக்கு வந்த பொருளும் இதுவும் ஒன்றேதான். ஸ்டாட்டினுக்குப் பயந்து இதை வாங்குகிறவர் ஸ்டாட்டினைத்தான் விழுங்குகிறார்.

மாத்திரை என்றால் 20 மி.கி. என்று எழுதியிருந்தால் 20 மி.கி. இருக்கும். இதில் அந்த உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் விற்ற 28 தயாரிப்புகளைச் சோதித்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் மொனாகொலின் அறவே இல்லை; மற்றவற்றில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். போன மாத டப்பா வேலை செய்ததே, இந்த மாதம் ஏன் செய்யவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் ஒரு நாளைய அளவில் மொனாகொலின் 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. பூஞ்சை வளர்ப்பில் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் உருவாகலாம். 2024 மார்ச்சில் ஜப்பானில் இவ்வகை மாத்திரைகளைச் சாப்பிட்ட பலர் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கே காரணமானது தயாரிப்பின்போது புகுந்த வேறொரு பூஞ்சையின் பியூபெருலிக் அமிலம்.

ஏற்கெனவே அட்டோர்வாஸ்டாட்டின் போடுகிறவர் 'கூடுதல் பலத்துக்கு' இதைச் சேர்த்தால் இரண்டு ஸ்டாட்டின் சேர்ந்து தசையைப் பதம் பார்க்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் இதைத் தொடவே கூடாது. கொழுப்புக்கென்று சிலர் எடுக்கும், மரமஞ்சளில் உள்ள பெர்பெரினும் கர்ப்ப காலத்தில் ஆகாது.

நார்ச்சத்து: குறைவுதான், ஆனால் நிஜம்

இசப்கோல் உமியை மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். தினம் 10 கிராம் உமியில் சுமார் 7 கிராம் கரையும் நார் கிடைக்கும், எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் குறையும்.

சாப்பிடும் முறையில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். முதல் வாரம் தினம் ஒரு சிறு கரண்டியில் தொடங்கி, பிறகு காலை 5 கிராம், இரவு 5 கிராம் என்று ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, மூன்றாம் நாள் டப்பா அலமாரிக்குப் போய்விடும். ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மி.லி. தண்ணீரில் கலந்து, கூழாகும் முன் குடித்து, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் உமியை வாயில் போட்டால் தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி தேவை. தைராக்சின் போடுகிறவர்கள் 4 மணி நேரம் விடுவது நல்லது.

ஓட்ஸும் இதே வழியில் வேலை செய்கிறது. ஆனால் அதற்குத் தேவையான 3 கிராம் பீட்டா-குளுக்கானுக்கு (ஓட்ஸில் உள்ள கரையும் நார்) ஏறக்குறைய 75 கிராம் உலர் ஓட்ஸ் வேண்டும். சின்ன மசாலா ஓட்ஸ் பாக்கெட் அதில் பாதிதான். உப்பு மட்டும் தாராளம். வெந்தயத்திலும் கரையும் நார் உண்டு. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் கொடுத்தது தினம் 25 முதல் 100 கிராம் வரை. இரவில் ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டியில் 5 கிராம்கூடத் தேறாது. அளவைக் கூட்டினால் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து தாழ்சர்க்கரை வரலாம்.

உணவால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம்? டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 2003ல் கரையும் நார், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் நான்கையும் சேர்த்துச் சமைத்தே கொடுத்தபோது, நான்கு வாரத்தில் எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. அதே ஆய்வில் லோவாஸ்டாட்டின் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு 30.9. அசத்தல்தான். பின்னர் அறிவுரை மட்டும் கொடுத்து மக்களை அவரவர் வீட்டுச் சமையலுக்கு விட்டபோது அது பாதியாகச் சுருங்கியது. தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். செக்கில் ஆட்டியது என்பதால் அதன் கொழுப்பு அமிலங்கள் மாறிவிடுவதில்லை.

"எனக்குக் குறைஞ்சுதே!"

ஸ்டாட்டினை நிறுத்தினால் எல்.டி.எல். அன்றே ஏறாது, பழைய இடத்துக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மாத்திரையை நிறுத்தி, கஷாயம் தொடங்கி, பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தால் எண் இன்னும் கீழேதான் இருக்கும். அந்தப் பெருமை மாத்திரையுடையது, கிடைப்பது கஷாயத்துக்கு. கஷாயம் தொடங்கிய அதே வாரம் பரோட்டாவையும் பஜ்ஜியையும் விட்டிருப்பார்கள், அதுவும் கணக்கில் வராது. ஒரே ஆளுக்கு இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே 10 சதவீதம் ஏறி இறங்குவதும் சாதாரணம்.

தசை வலியால் நிறுத்துகிறவர்களின் வலி பொய்யல்ல. ஆனால் காரணம் மாத்திரைதானா? ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, 2020ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. விவரம் புரிந்த பின் பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள். இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் ஒரே மாதிரி வலி இருந்தால் சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பாருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்தி அன்றே வாருங்கள். நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள், எசிடிமைப், பெம்பிடோயிக் அமிலம், ஊசிகள் என்று வழிகள் இருக்கின்றன.

மூலிகையை மறைக்காதீர்கள், திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதில்தான் சிக்கலே. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் போடுகிறவர் பூண்டு கேப்சூலும் எடுத்தால் அறுவை சிகிச்சையின்போது ரத்தக் கசிவு கூடலாம். செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ சாறு, சீந்தில் ஆகியவை சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. கல்லீரல் பரிசோதனை (எல்.எஃப்.டி.) எண்கள் ஏறும்போது பழி என்னவோ கொழுப்பு மாத்திரை மேல் விழும்.

மாத்திரை இல்லாமல் முயன்று பார்ப்பது யாருக்குப் பொருந்தும்? மாரடைப்போ பக்கவாதமோ ஸ்டென்ட்டோ இல்லாத, சர்க்கரையோ சிறுநீரக நோயோ இல்லாத, எல்.டி.எல். 130, 140 அளவில் இருப்பவர்களுக்கு. 190ஐத் தாண்டினால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். அங்கே நார் போதாது, பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும். முயல்வதானால் முதலில் தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பரிசோதனை பாருங்கள், தைராய்டு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும். ஒரே ஒரு பொருளை மட்டும் தொடங்குங்கள். 8 முதல் 12 வாரம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு எல்.டி.எல். எண்ணை ஒப்பிடுங்கள். ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் இருந்தால் கணக்குப் போட்டு எழுதிய எல்.டி.எல். தப்பாக வரும், நேரடியாக அளந்து தரச் சொல்லுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதன் மேலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும்.